பெயர்ச்சீட்டு இல்லாமல் நேர்த்தியாக உடுப்பது: திருகோணமலை வெயிலுக்கும் நம் சம்பளத்துக்கும் ஏற்ற சில வழிகள்

திருகோணமலை மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் சில கடைகளின் வாசலோரத்தில் ஒரு மேசை போட்டு, அதன்மேல் சேர்ட்டுகளையும் காற்சட்டைகளையும் குவித்து வைத்திருப்பார்கள். அந்தக் குவியலிலிருந்து ஒரு சேர்ட்டை எடுத்துக் கழுத்தின் உட்புறத்தைப் பார்த்தால், பெயர்ச்சீட்டு இருந்த இடத்தில் கத்தரிக்கோல் விட்டுவைத்த கால் அங்குலத் துண்டு மட்டும் தையலோடு ஒட்டிக்கொண்டிருப்பதைச் சிலவேளை காணலாம். வெளிநாட்டு நிறுவனமொன்றுக்காக இந்த நாட்டில் தைக்கப்பட்டு, எண்ணிக்கை மிஞ்சியதாலோ சிறு குறையொன்று கண்டுபிடிக்கப்பட்டதாலோ கப்பலேறாமல் நின்றுவிட்ட உடுப்பு அது. 1978 இல் கட்டுநாயக்காவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்தும், 1992 இல் ஆரம்பித்த இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தையல் இயந்திரங்களைக் கிராமங்கள் வரை கொண்டுபோனதிலிருந்தும், உலகின் பெரிய கடைகளுக்குத் தைத்துக் கொடுப்பதே இலங்கையின் முக்கிய தொழில்களில் ஒன்றாக இருந்து வருகின்றது. பெயரை வெட்டியெடுத்த பின்பும் துணி அதே துணிதான். தையலும் அதே தையல்தான். விலை மட்டும் பல மடங்கு இறங்கிவிடுகின்றது. ஆகவே குறைந்த செலவில் அழகாக உடுக்க விரும்புபவர் முதலில் பழக வேண்டியது துணியையும் தையலையும் வாசிக்கும் பழக்கத்தையே.

நான் ஓர் ஆசிரியை. வாரத்தில் ஐந்து நாள் சாரி உடுப்பவள்; வளர்ந்துகொண்டேயிருக்கும் ஒரு மகனுக்கும், உடுப்பு விடயத்தில் அக்கறையே இல்லாத ஒரு கணவருக்கும் சேர்த்து வாங்குபவளும் நானே. பல ஆண்டுகள் காசை வீணாக்கிய பின்பு நான் பிடித்துக்கொண்ட கணக்கு இதுதான்: உடுப்புக்கென்று ஒதுக்கும் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் கடையில் செலவிட வேண்டும், மீதி ஒரு பங்கைத் தையற்காரருக்கென்று எடுத்து வைக்க வேண்டும். மூவாயிரம் ரூபா கையில் இருந்தால், மூவாயிரத்துக்கும் ஒரு சேர்ட்டை வாங்குவதைவிட இரண்டாயிரத்துக்கு ஒன்றை வாங்கி, எஞ்சிய காசில் அதை உடம்புக்கு ஏற்றபடி திருத்தி உடுப்பவர் எப்போதும் நன்றாகவே தெரிவார். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடி இந்தக் கணக்குத்தான்.

கடைக்குப் போவதற்கு முன்பு அலுமாரியில் உள்ள அத்தனையையும் கட்டிலில் கொட்டிப் பார்ப்பது நல்லது. சலிப்பான வேலைதான் என்றாலும், கடந்த ஆறு மாதத்தில் ஒரு தடவையேனும் உடுத்தவற்றை ஒரு பக்கமாகவும், தொடாதவற்றை மறு பக்கமாகவும் பிரித்து வைத்தால், நாம் எதில் ஏமாந்துகொண்டிருக்கிறோம் என்பது கண்முன்னே வந்துவிடும். என் குவியலில் தொடாமல் கிடந்தவை அநேகமாக எதனோடும் சேராத நிறங்கள்: ஒரேயொரு பாவாடைக்கு மட்டும் பொருந்தும் ஒரு மேற்சட்டை, ஒரேயொரு சாரிக்கு மட்டும் பொருந்தும் ஒரு செருப்பு. அன்றிலிருந்து கருநீலம், வெண்சாம்பல், அரக்கு என்னும் மூன்று நிறங்களை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் வரும் எந்தப் புதிய உடுப்பும் அந்த மூன்றில் இரண்டோடாவது சேர வேண்டும் என்று தீர்மானித்தேன். நிறத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. கறுத்த பிள்ளைகளுக்குப் பளிச்சென்ற நிறம் எடுக்காது என்று கடைக்காரர்களும் சொந்தக்காரர்களும் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கடுகு மஞ்சளும் மயிற்கழுத்து நீலமும் கத்தரிப்பூ நிறமும் நம் தோலில் எழும்பித் தெரிவதைப் போல வேறெந்தத் தோலிலும் தெரிவதில்லை. அழுக்குப் பழுப்பும் மங்கிய இளஞ்சிவப்புமே முகத்தைச் சோர்வாகக் காட்டுகின்றன. கடையின் குழல்விளக்கை நம்பாமல், துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் கன்னத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

துணி வகை அடுத்தது. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று அனலாக அடிக்கும் இந்த ஊரில், வெப்பநிலை 34, 35 பாகை செல்சியசுக்குப் போவது வழமை. அந்த வெயிலில் பொலியெஸ்டர் உடுத்தவர் எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும், பேருந்தை விட்டிறங்கும்போது முதுகோடு ஒட்டிய துணியுடன்தான் இறங்குவார். வியர்வைக் கறை படிந்த உடுப்பில் அழகைத் தேட முடியாது. பருத்தி, லினன், ரேயோன் ஆகியவையே இங்கு பகல் உடுப்புக்கு உகந்தவை. பருத்தியோடு சிறிதளவு பொலியெஸ்டர் கலந்த துணி குறைவாகக் கசங்குமென்பதால் அலுவலகக் காற்சட்டைக்குப் பரவாயில்லை. கடையில் 'கொட்டன்' என்று சொல்லித் தருவதெல்லாம் பருத்தி ஆகிவிடாது. வீட்டுக்கு வந்தபின் உட்தையலோரத்தில் தொங்கும் நூலொன்றை வெட்டியெடுத்து, குறடினால் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும். பருத்தி நூல் கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் கறுப்பு மணிபோல் கெட்டியாகிவிடும். ரேயோனும் பருத்தியைப் போலவே எரியும் என்பதால் அவ்விரண்டையும் இந்த முறையால் பிரித்தறிய முடியாது; ஆனால் இரண்டுமே வியர்வையை உறிஞ்சுபவை, ஆகவே கவலையில்லை.

இனி அந்த மேசைக்குத் திரும்புவோம். குவியலில் கைவிட்டதும் நிறத்தைப் பார்த்து மயங்காமல், எடுத்த உடுப்பை உடனே உட்புறம் வெளியாகத் திருப்ப வேண்டும். பக்கத் தையல் நேராக ஓடுகின்றதா, வெட்டிய ஓரங்கள் ஓவர்லொக் தையலால் மூடப்பட்டுள்ளனவா என்று விரலை ஓடவிட்டுப் பாருங்கள். பின்பு ஓர் அங்குலத்துக்குள் எத்தனை தையல் விழுந்திருக்கின்றது என்று எண்ணுங்கள். பெருவிரலின் மேற்கணு ஏறக்குறைய ஓர் அங்குலம் என்பதால் அளவுநாடா தேவைப்படாது. நல்ல சேர்ட்டில் பன்னிரண்டுக்கு மேலேயே இருக்கும். ஏழெட்டு மட்டும் இருந்தால் அவசரத்தில் தைத்தது என்று அறிந்து வைத்துவிடலாம். கட்டம் அல்லது கோடு போட்ட துணியாயின், பைத் துண்டில் உள்ள கோடு மார்பில் உள்ள கோட்டோடு தொடர்கின்றதா என்று பார்ப்பது மிக எளிதான சோதனை. கோடு பொருந்த வெட்டினால் துணி அதிகம் வீணாகும் என்பதால், மலிவாகத் தைப்பவர் அந்த வேலையில் இறங்கவே மாட்டார். கொலரை இரு விரலால் நெருடிப் பார்த்து, உள்ளே ஒட்டிய தாங்குதுணி கழன்று கொப்புளம்போல் எழும்பியிருக்கின்றதா என்று கவனியுங்கள். அது ஒருமுறை கழன்றால் எந்த அயனும் அதைப் படிய வைக்காது. கடைசியாக உடுப்பை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்து, ஊசித்துளை, நூலறுந்த கோடு, எண்ணெய்க் கறை ஆகியவற்றைத் தேட வேண்டும். குறை என்ன என்று கண்டுபிடிக்கும் வரை அந்த மேசையிலிருந்து வாங்கக் கூடாது என்பது என் கட்டாய விதி. பொத்தான் ஒன்று இல்லை, கீழ்மடிப்புப் பிரிந்திருக்கின்றது என்றால் அது ஐந்து நிமிட வேலை. ஒரு கை மறு கையைவிட நீளம், கொலர் ஒரு பக்கம் சரிந்திருக்கின்றது என்றால் அது சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

போலிப் பெயர்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பியின் திருமணத்துக்கு என் மகன், பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் சின்னத்தை மார்பில் பதித்த ரீசேர்ட் ஒன்று வேண்டுமென்று அடம்பிடித்தான். உண்மையானதன் விலையில் கால்வாசிக்கும் குறைவாகக் கிடைத்ததால் நானும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது தோய்ப்பில் துணி சுருங்கியது. நைலோன் நூலால் பின்னிய சின்னம் மட்டும் சுருங்கவில்லை. அதனால் சின்னத்தைச் சுற்றித் துணி சுருக்கம் விழுந்து, நெஞ்சில் மரு முளைத்தது போலாகிவிட்டது. அதே காசுக்கு எந்தச் சின்னமும் இல்லாத, கனமான பருத்தியில் தைத்த ரீசேர்ட் இரண்டு வாங்கியிருக்கலாம். போலிச் சின்னத்துக்குக் கொடுக்கும் காசு துணியிலிருந்துதான் களவாடப்படுகின்றது.

வாங்கிய உடுப்பை எவ்வளவு திருத்த முடியும் என்பதை அறிந்துகொண்டு வாங்குவதே இந்தக் கலையின் பாதி. எங்கள் பக்கத்தில் வீட்டிலேயே மெசின் வைத்துத் தைக்கும் அக்கா ஒருவரிடம், தோள் அகன்ற ஒரு சேர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் அதை என் கணவருக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரீச்சர், பக்கத்தைப் பிடிக்கிறது பத்து நிமிச வேலை. தோளில கை வைச்சால் கையைக் கழற்றி, கொலரைக் கழற்றி, முழுச் சேர்ட்டையும் பிரிக்கவேணும். அந்தக் காசுக்குப் புதுசு வாங்கலாம்" என்றார். அன்றிலிருந்து குடும்பத்தில் யாருக்கு வாங்கினாலும் தோளையே முதலில் பார்க்கிறேன். தோள் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் சரியாக உட்கார வேண்டும். கையில் வழிந்து இறங்கினால் இரவல் உடுப்புப் போலவும், கழுத்தை நோக்கி ஏறினால் வளர்ந்த பிள்ளையின் பழைய உடுப்புப் போலவும் தோன்றும். காற்சட்டையில் அந்த இடம், இடுப்புக்கும் தொடைப் பிரிவுக்கும் இடைப்பட்ட உயரம். உட்காரும்போது அது இழுத்துப் பிடித்தால் எவராலும் சரிசெய்ய முடியாது. இவை இரண்டும் பொருந்தினால் மற்றவையெல்லாம் கைக்கு அடங்குபவை. இடுப்பை ஓர் அங்குலம் ஒன்றரை அங்குலம் வரை பிடிக்கலாம், காலின் அகலத்தைக் குறைக்கலாம், முழுக்கையை அரைக்கையாக்கலாம், நீளத்தைச் சுருக்கலாம். நீளத்தைக் கூட்ட வேண்டுமென்றால், உள்ளே மடித்துத் தைத்த துணி எவ்வளவு இருக்கின்றது என்று கடையிலேயே புரட்டிப் பார்க்க வேண்டும்.

தையற்காரரிடம் போகும்போது, உடுப்போடு அணியப்போகும் செருப்பையோ சப்பாத்தையோ போட்டுக்கொண்டு போக வேண்டும். வெறுங்காலோடு நின்று அளந்த காற்சட்டை, குதியுள்ள சப்பாத்தில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். குண்டூசி குத்திய பிறகு ஒரு தடவை உட்கார்ந்து, கையை உயர்த்தி, குனிந்து பார்க்க வேண்டும். நேராக நிற்பதற்காக மட்டும் யாரும் உடுப்பதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய இரண்டு வாரங்களில் எந்தத் திருத்த வேலையையும் கொடுக்காமல் இருப்பது உங்களுக்கும் அவருக்கும் நல்லது. அந்த நாட்களில் புதுச்சட்டை தைத்து முடிக்கவே அவர்களுக்கு இரவு பகல் போதாது.

சாரியைப் பொறுத்தவரை நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்: சாரியில் காசைக் கொட்டாதீர்கள், சாரிச் சட்டையில் கொட்டுங்கள். ஐந்தரை மீற்றர் துணி யார் உடுத்தாலும் ஒரேமாதிரித்தான் விழும். முதுகிலும் தோளிலும் கையிலும் பொருந்தி நிற்பது சட்டை மட்டுமே. இரண்டாயிரம் ரூபாப் பருத்திச் சாரியொன்று, கை இணையும் வளைவில் சுருக்கமில்லாமல் உட்காரும் சட்டையோடு சேரும்போது, அதைப் பலமடங்கு விலையுள்ளது என்று பிறர் நினைப்பதை ஆசிரியர் அறையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பட்டுச் சாரியை உடுத்து, அக்குளில் துணி புடைத்துத் தொங்கும் சட்டையைப் போட்டால் அத்தனையும் வீண். ஒவ்வொரு சாரியோடும் வரும் 80 சென்ரிமீற்றர்ச் சட்டைத்துண்டை உடனே தைக்கக் கொடுத்துவிடாமல், நன்றாகத் தைக்கப்பட்ட நான்கு பொதுச் சட்டைகளை வைத்துக்கொண்டால் இருபது சாரிக்குப் போதும்: கறுப்பு, மங்கிய பொன், அரக்கு, கருநீலம். அளவுச் சட்டை ஒன்றை, அதாவது உங்களுக்கு மிகச் சரியாகப் பொருந்திய பழைய சட்டையை, ஒருபோதும் எறியாதீர்கள். நாடாவால் எடுக்கும் அளவு ஒவ்வொருவர் கையிலும் மாறும். அளவுச் சட்டை மாறாது.

அம்மாவின் அலுமாரியையும் ஒரு கடையாகவே கருத வேண்டும். முந்தானை மங்கிப்போன பழைய சாரியின் உடற்பகுதியில் ஒரு சல்வார் மேற்சட்டையும் துப்பட்டாவும் வெட்டலாம், கரை தேறினால் அதைக் கையிலும் கழுத்திலும் வைத்துத் தைக்கலாம். மடித்த இடத்தில் இழை விட்டுப்போன பட்டில் முழு உடுப்பு வெட்டத் துணிய வேண்டாம். நல்ல பகுதியில் ஒரு சட்டை கிடைத்தால் அதுவே லாபம்.

துணியாக வாங்கித் தைப்பது இன்னமும் பல சமயங்களில் ஆயத்த உடுப்பைவிட மலிவாகவே முடிகின்றது, முக்கியமாக உயரம் கூடியவர்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும். கல்முனைக்குச் சற்று வடக்கே உள்ள மருதமுனையின் கைத்தறி, சாரத்துக்கும் சாரிக்கும் கிழக்கு மாகாணம் முழுவதும் பேர்போனது. அந்தச் சாரத் துணியின் கட்டங்கள் ஆண்களின் அரைக்கைச் சேர்ட்டுக்கும், பெண்களின் நேர்வெட்டு மேற்சட்டைக்கும் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்பதை உடுத்தவர்தான் அறிவார். பருத்தித் துணி எதுவாயினும் தைக்கக் கொடுப்பதற்கு முன்பு ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயவிட்டு, அயன் செய்து கொடுக்க வேண்டும். நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கினாலும் இரண்டரை மீற்றரில் பத்து சென்ரிமீற்றர் போய்விடும். அது தைப்பதற்கு முன்பு போனால் யாருக்கும் கவலையில்லை. சுருக்கத்தையும் கணக்கில் சேர்த்து, கால் மீற்றர் கூடுதலாகவே வாங்குங்கள்.

வாங்கும் காலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பண்டிகைக்கு முதல் வாரம் விலை ஏறியிருக்கும். சித்திரைப் புத்தாண்டும் தீபாவளியும் கழிந்த பின்பு மிஞ்சியதைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார். முகநூலில் விற்பவர்களிடம் வாங்கினால், அளவு 'எம்' என்று எழுதியிருப்பதை நம்பாமல், மார்பும் தோளும் நீளமும் எத்தனை அங்குலம் என்று கேட்டு, வீட்டில் உள்ள பொருந்திய உடுப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே காசு அனுப்புங்கள்.

காலணியில் மட்டும் மலிவைத் தேட வேண்டாம். மண்ணிறத் தோற்செருப்பு ஒன்றும் கறுப்புச் சப்பாத்து ஒன்றும் நல்லதாக இருந்தால், வாரை மாற்றி, அடித்தோலை மாற்றி ஐந்தாறு ஆண்டு ஓட்டலாம். கடற்கரைக்கு அவற்றைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

இனி எஞ்சியிருப்பது பராமரிப்பு. மலிவாக வாங்கிய உடுப்பு மலிவாகத் தெரியத் தொடங்குவது கடையிலல்ல, கிணற்றடியில்தான். கடலோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாக இருப்பதால் சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்கவில்லை என்று நாம் இன்னும் கொஞ்சம் போடுவோம், அது துணியில் படிந்து வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். குழாய்நீர் கிடைப்பவர்கள் கடைசி அலசலையாவது அதில் செய்வது நல்லது. கச்சான் வெயிலில் ஒரு மணித்தியாலத்தில் துணி காய்ந்துவிடும் என்பது வசதிதான் என்றாலும், அதே வெயில் நிறத்தையும் குடித்துவிடும். ஆகவே உட்புறம் வெளியாகத் திருப்பி, நிழலில் காற்றுக்குப் போடுங்கள். சேர்ட்டைத் தோளில் கிளிப் குத்தித் தொங்கவிடாமல், கீழ்மடிப்பில் குத்தித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் தோளில் இரண்டு கொம்பு முளைக்கும். அயன் போடும்போது துணி சற்று ஈரமாக இருக்க வேண்டும். நேரமில்லாத நாளில் கொலரையும் முன்பட்டியையும் கைமுனையையும் மட்டும் தேய்த்தால்கூட, பார்ப்பவர் கண் போகும் இடங்கள் சரியாகிவிடும். பருத்திச் சாரிக்கு வடிகஞ்சியைத் தண்ணீராகக் கரைத்து முக்கியெடுத்தால் மடிப்பு நாள் முழுவதும் நிற்கும்.

உப்புக்காற்றுப் படும் வீடுகளில் சட்டையின் கொக்கிகள் துருப்பிடித்து, அந்தத் துரு துணியில் இறங்கும். தைக்கக் கொடுக்கும்போதே பித்தளைக் கொக்கியை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். குண்டூசி குத்திய சாரியை ஒருநாளும் அப்படியே மடித்து வைக்காதீர்கள். ஐப்பசியில் மழை தொடங்குவதற்கு முன்பு ஒரு வெயில் நாளில் அலுமாரியை முழுதாகக் காலிசெய்து, தட்டுகளைத் துடைத்துக் காயவிட்டு, பட்டுச் சாரிகளை வேறு மடிப்பில் மடித்துப் பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை சரிகையில் படக்கூடாது; அதைத் துணிப்பொட்டலத்தில் கட்டித் தட்டின் மூலையில் போட்டுவிட்டு, மழை விட்ட ஒவ்வொரு காலையிலும் அலுமாரிக் கதவை அரை மணி நேரம் திறந்து விடுங்கள்.